கூச்சமா, ஆட்டிசமா? ஹென்றி கேவண்டிஷின் கதை



கைப்பேசியில் இப்போது எதற்கெடுத்தாலும் ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. நாலு பேர் முன்னால் பேசப் பயமா, விருந்துக்குப் போகப் பிடிக்கவில்லையா என்று வரிசையாகக் கேட்பார்கள். பதிலைத் தட்டிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு மதிப்பெண் வரும். சோஷியல் ஆங்சைட்டி என்கிற சமூகப் பதற்றத்துக்கு ஒரு தாள், ஆட்டிசத்துக்கு இன்னொரு தாள். இரண்டையும் போட்டுப் பார்த்து, இரண்டிலும் மதிப்பெண் அதிகமாக வந்து குழம்புகிறவர்கள் உண்டு. ஏன் அப்படி வருகிறது, அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதை ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். அவர் காலமாகி இருநூறு வருடங்களுக்கு மேல் ஆகிறது. பெயர் ஹென்றி கேவண்டிஷ். ஹைட்ரஜன் வாயுவைக் கண்டறிந்தவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம்.

பணக்கார வீட்டுப் பிள்ளை

கேவண்டிஷ் 1731 அக்டோபர் 10 அன்று பிரான்ஸின் தென்கோடியில் இருக்கும் நீஸ் நகரத்தில் பிறந்தார். பெற்றோர் இருவருமே இங்கிலாந்தின் பிரபு குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவருக்கு இரண்டு வயது ஆகுமுன்பே தாயார் இறந்துவிட்டார். தந்தை சார்லஸ் கேவண்டிஷ் மறுமணம் செய்துகொள்ளாமல் இரண்டு மகன்களையும் வளர்த்தார்.

1749-ல் கேம்பிரிட்ஜில் பீட்டர்ஹவுஸ் கல்லூரியில் சேர்ந்தார். நாலு வருடம் படித்துவிட்டுப் பட்டம் வாங்காமலே வெளியேறினார். பிறகு லண்டனில் தந்தையோடு வாழ்ந்தார். தந்தையும் ஆராய்ச்சியில் ஈடுபாடு உள்ளவர். ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தின் கூட்டங்களுக்கும், அதன் உறுப்பினர்கள் சேர்ந்து சாப்பிடும் விருந்துகளுக்கும் மகனைக் கையோடு கூட்டிப்போனார். 1760-ல் மகனும் அந்தச் சங்கத்தில் உறுப்பினரானார்.

1766-ல் அவருடைய முதல் பெரிய கட்டுரை வெளிவந்தது. உலோகத்தின் மேல் அமிலம் பட்டால் கிளம்பும், தீப்பற்றக்கூடிய வாயுவை அதில் விவரித்தார். அதுதான் பின்னாளில் ஹைட்ரஜன் எனப் பெயர் பெற்றது. அந்த ஆண்டே ராயல் சொசைட்டியின் காப்லி பதக்கம் கிடைத்தது. அந்த வாயுவைக் காற்றோடு சேர்த்து எரித்தால் தண்ணீர் கிடைக்கிறது என்பதைக் காட்டிய கட்டுரை 1784-ல் வந்தது. தண்ணீர் ஒரு தனிமம் என்று காலம் காலமாக இருந்த எண்ணத்துக்கு அதோடு முடிவுகாலம் வந்தது.

அடுத்த வருடம் காற்றைப் பிரித்துப் பார்த்தபோது, கணக்கில் அடங்காத ஒரு சிறு குமிழி மிச்சமானது. 120-ல் ஒரு பங்குக்கு மேல் இருக்காது என்று எழுதி வைத்தார். நம் வங்கிப் பேச்சில் சொன்னால், சில்லறை வித்தியாசத்தைக்கூடத் தள்ளுபடி செய்யாமல் பதிவு செய்த மனிதர். நூறு வருடங்களுக்கு மேல் கழித்து, 1894-ல், ராலேயும் ராம்சேயும் அந்த மிச்சம் ஆர்கான் என்ற புதிய வாயு என்று கண்டுபிடித்தார்கள்.

ஆட்களைக் கண்டால் ஓட்டம்

இனி அவருடைய இன்னொரு பக்கம். இவற்றில் பெரும்பாலானவை, அவர் இறந்து நாற்பது வருடங்களுக்குப் பிறகு 1851-ல் ஜார்ஜ் வில்சன் என்பவர், பழகியவர்களிடம் கேட்டு எழுதிய வாழ்க்கை வரலாற்றில் உள்ள செய்திகள்.

வீட்டு வேலைக்காரப் பெண்களை அவர் நேரில் பார்க்கவே மாட்டார். இரவுச் சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்பதைச் சீட்டில் எழுதிக் கூடத்து மேசையில் வைத்துவிடுவார். ஒருமுறை மாடிப்படியில் ஒரு வேலைக்காரி எதிரே வந்துவிட, இனி அப்படி நேராதிருக்கப் பின்பக்கம் இன்னொரு படிக்கட்டே கட்டச் சொன்னாராம். சாப்பாடு பெரும்பாலும் ஆட்டுக்கால்தான். விருந்தாளிகள் வருகிறார்கள், ஐந்து பேருக்கு ஒரு கால் போதாது என்று சமையல் பக்கத்திலிருந்து சொன்னபோது, அப்படியானால் இரண்டாக வைக்கச் சொன்னார். உடையும் அப்படித்தான். வெளிறிப்போன ஊதாக் கோட்டு, பழைய காலத்து முக்கோணத் தொப்பி. ஊர் அந்த மோஸ்தரை விட்டுப் பல வருடம் ஆகியும் அவர் விடவில்லை.

ஜோசப் பேங்க்ஸ் என்பவர் வீட்டில் விஞ்ஞானிகள் கூடுவது வழக்கம். அங்கே வெளிநாட்டு விருந்தாளி ஒருவர், இவரைப் பார்க்கவே லண்டன் வந்ததாகப் புகழ்ந்து பேசினார். கேவண்டிஷ் தலைகுனிந்து நின்றார். கூட்டத்தில் ஒரு இடைவெளி தெரிந்ததும் புகுந்து ஓடி, வண்டி ஏறி வீடு போய்ச் சேர்ந்தார்.

வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. அவருடைய கணக்கில் 80,000 பவுண்டு சும்மா கிடந்தது. இவ்வளவு பணம் வட்டி இல்லாமல் கிடக்கிறதே என்று வங்கிக்காரர் அக்கறையோடு வீட்டுக்கே வந்துவிட்டார். முன்னறிவிப்பு இல்லாமல் ஆள் வந்ததில் கேவண்டிஷ் பதறிப்போனார். பாதியை முதலீடு செய்யச் சொல்லிவிட்டு, இனிமேல் இப்படி வந்து தொந்தரவு செய்தால் கணக்கையே எடுத்துவிடுவேன் என்று எச்சரித்து அனுப்பினார். இத்தனை பெரிய வாடிக்கையாளரை இழக்க எந்த வங்கிதான் விரும்பும்?

இரண்டு தாளிலும் அவரை நிரப்பிப் பார்த்தால்

சமூகப் பதற்றத்தை அளக்க மைக்கேல் லீபோவிட்ஸ் என்ற மனநல மருத்துவர் 1987-ல் வெளியிட்ட அளவுகோல் பிரபலமானது. அதில் 24 சூழ்நிலைகள். ஒவ்வொன்றிலும் எவ்வளவு பயம், எவ்வளவு தவிர்ப்பு என்று 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 144. புதியவரைச் சந்திப்பது, விருந்துக்குப் போவது எல்லாம் அந்தச் சூழ்நிலைகளில் வரும். கேவண்டிஷுக்கு நாம் போட்டால் தவிர்ப்புப் பத்தியில் மதிப்பெண் குவிந்துவிடும்.

ஆட்டிசப் பக்கத்துக்கு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சைமன் பேரன்-கோஹென் குழு 2001-ல் வெளியிட்ட 50 கேள்விகள் கொண்ட தாள் இருக்கிறது. கூட்டத்தில் கலப்பது, பேச்சு வளர்ப்பது, மாறாத வழக்கங்களை விரும்புவது, நுணுக்கங்களைக் கவனிப்பது இவையெல்லாம் அதில் உண்டு. அதிலும் அவருக்கு நிறைய மதிப்பெண் வரும். அதே 2001-ல்தான் நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ், கேவண்டிஷுக்கு இருந்தது ஆட்டிச வகையைச் சேர்ந்த ஆஸ்பெர்கர் நிலையாக இருக்கலாம் என்று மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்.

இரண்டு தாளிலும் ஒரே ஆளுக்கு ஏன் கூடுகிறது? தாள் பெரும்பாலும் வெளியே தெரியும் நடத்தையைக் கூட்டுகிறது. ஒருவர் விருந்துக்குப் போகவில்லை என்பது கூட்டுத்தொகை மாதிரி. அந்தத் தொகை எதனால் வந்தது என்று அறிய வவுச்சரைப் பார்க்க வேண்டும்.

நாலு பேர் என்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ, அசிங்கப்பட்டுவிடுவேனோ என்ற பயத்தால் ஒருவர் போகாமல் இருந்தால் அது சமூகப் பதற்றம். பெரும்பாலும் பதின்ம வயதில் தலைகாட்டும். அவருக்குப் பிறர் முகக்குறிப்பு நன்றாகவே புரியும், அதிகமாகவே கவனிப்பார். ஆட்டிசத்தில் வவுச்சர் வேறு. சொல்லாமல் சொல்லும் குறிப்புகள் எளிதில் பிடிபடாது. இரைச்சலும் வெளிச்சமும் தாங்க முடியாமல் போகலாம். வழக்கம் மாறினால் நிலைகுலையும். ஒரு விஷயத்தில் ஈடுபாடு ஆழமாக இருக்கும். இவை சின்ன வயதிலிருந்தே இருக்கும். இரண்டும் சேர்ந்து இருப்பதும் உண்டு. சின்ன வயதிலிருந்து கேலிக்கு ஆளான ஆட்டிசக்காரருக்குப் பிற்பாடு மனிதர்களைக் கண்டாலே பயம் வருவதில் ஆச்சரியம் என்ன?

கேவண்டிஷின் வவுச்சர்கள்

அவர் உடையைப் பாருங்கள். பிறர் என்ன நினைப்பார்களோ என்று நடுங்குகிறவர் பழைய மோஸ்தர் கோட்டில் சபைக்கு வருவது அபூர்வம். தினசரி ஒழுங்கும், ஒரே சாப்பாடும், அளவையில் அவர் காட்டிய நுணுக்கமும் ஆட்டிசத்தின் பக்கம் சாய்கின்றன. மறுபக்கம், புகழ்ந்ததும் ஓடியது இருக்கிறது. செய்த ஆராய்ச்சியில் பெரும்பகுதியை அச்சுக்கே கொடுக்காமல் வைத்திருந்ததும் இருக்கிறது. அவருடைய மின்சார ஆராய்ச்சிக் குறிப்புகளை ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1879-ல் பதிப்பித்தபோதுதான், ஓம் விதி போன்றவற்றை ஓமுக்கு முன்பே இவர் அறிந்திருந்தார் என்று உலகத்துக்குத் தெரிந்தது. இதைப் பயம் என்றும் சொல்லலாம், புகழில் அக்கறை இல்லாமை என்றும் சொல்லலாம்.

தீர்ப்புச் சொல்ல ஒரே சாட்சி அவர்தான். மனசுக்குள் என்ன நடந்தது என்று அவர் எழுதி வைக்கவில்லை. நம்மிடம் இருப்பது மற்றவர்கள் வெளியே நின்று பார்த்துச் சொன்னவை மட்டுமே. அதனால்தான் அறிஞர்களிடையே இன்றும் ஒரே கருத்து இல்லை.

ஒன்று மட்டும் உறுதியாகத் தெரியும். அவர் மனிதர்களை வெறுத்தவர் இல்லை. ராயல் சொசைட்டிக்காரர்களின் வியாழக்கிழமை விருந்துக்குப் பல பத்தாண்டுகள் தவறாமல் போனார். தெரிந்த இடம், தெரிந்த முகங்கள், பிடித்த பேச்சு. அங்கே அவருக்குக் கால் ஓடவில்லை. தன் நூலகத்தை அறிஞர்களுக்குத் திறந்து வைத்தார். தன் புத்தகத்தைத் தானே எடுத்தாலும் பேரேட்டில் கையெழுத்துப் போட்டுத்தான் எடுப்பாராம்.

மற்றவர்களும் அவரிடம் பழக ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். விஞ்ஞானி வொல்லாஸ்டன் புதியவர்களுக்குச் சொன்ன யோசனை இதுதான்: அவர் முகத்தைப் பார்க்காதீர்கள், வெற்றிடத்தைப் பார்த்துப் பேசுவதுபோல் பேசுங்கள், அவரே பதில் சொல்வார். பலருக்கு அது பலித்தது. சார்லஸ் பிளாக்டன் சில வருடங்கள் அவருக்கு உதவியாளராக இருந்து வெளியுலகத்தோடு பாலமாக விளங்கினார். கேவண்டிஷ் உயிலில் அவருக்கு 15,000 பவுண்டு எழுதி வைத்தார்.

இந்த மரியாதை கிடைத்த மனிதர்தான் 1798-ல், 66 வயதில், பூமியின் அடர்த்தியை அளந்து வெளியிட்டார். நண்பர் ஜான் மிச்செல் அமைத்து, முடிக்காமல் விட்டுப்போன கருவியைத் திருத்திக் கட்டினார். 158 கிலோ எடையுள்ள இரண்டு ஈயக் குண்டுகள், கம்பியில் தொங்கும் தண்டின் முனைகளில் இருந்த சிறு குண்டுகளை எவ்வளவு இழுக்கின்றன என்று பார்த்தார். ஆள் அருகில் போனால் உடல் சூட்டில் காற்று அசைந்து அளவு கெட்டுவிடும் என்று, மூடிய அறைக்கு வெளியே நின்று தொலைநோக்கி வழியாகப் பார்த்தார். பூமி தண்ணீரைப் போல் 5.48 மடங்கு அடர்த்தி என்றார். இன்றைய கணக்கு 5.51.

1810 பிப்ரவரி 24 அன்று லண்டனின் கிளாப்பம் பகுதியில் இருந்த தன் வீட்டில் காலமானார். கடைசி நேரத்திலும் வேலைக்காரரை அறையை விட்டுப் போகச் சொல்லித் தனியாக இருந்தார். விட்டுச்சென்ற சொத்து பத்து லட்சம் பவுண்டுக்கு அருகில். 1874-ல் அவர் குடும்பத்தைச் சேர்ந்த டெவன்ஷயர் பிரபு கொடுத்த நன்கொடையில் கேம்பிரிட்ஜில் கேவண்டிஷ் ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டது.

நமக்கு

கேவண்டிஷுக்குக் கிடைக்காத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. நம் மனசைப் பற்றி நாமே சாட்சி சொல்லலாம், கேட்க ஆளும் இருக்கிறார்கள். கேள்வித்தாளில் மதிப்பெண் கூடினால் அதை நோய்ச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம், பிள்ளைக்கு வேறு வேலையில்லை என்று ஒதுக்கவும் வேண்டாம். மனநல மருத்துவரிடமோ உளவியல் நிபுணரிடமோ போவதற்கு அது ஒரு சீட்டு. போகும்போது ஒவ்வொரு கேள்விக்கும் ஏன் அந்தப் பதில் என்று இரண்டு வரி எழுதிப் போகலாம். சின்ன வயதில் எப்படி இருந்தீர்கள் என்று அம்மா அப்பாவிடம் கேட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. அந்த இரண்டும்தான் மருத்துவர் தேடும் வவுச்சர்கள்.

பெயர் சரியாக இருப்பது முக்கியம். பயம்தான் காரணம் என்றால் முறையான உளவியல் சிகிச்சையில், தேவைப்பட்டால் மருந்தோடு, நன்றாகக் குறையும். ஆட்டிசம் குணப்படுத்த வேண்டிய நோய் இல்லை. அதற்கு வேண்டியது புரிதலும், சூழ்நிலையில் சில மாற்றங்களும். ஆட்டிசம் உள்ளவரை நாலு கூட்டத்துக்குக் கட்டாயமாக அனுப்பினால் கூச்சம் போய்விடும் என்று நினைப்பது அவரை வதைப்பதாக முடியும். முதலில் யாரிடம் பேசுவது என்று தெரியாதவர்கள், மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண்ணான 14416-ஐ அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

லிஃப்டில் தலைகுனிந்து நிற்கிறவரும், பொதுக்குழுவுக்கு வராதவரும் எல்லாக் குடியிருப்பிலும் உண்டு. அவர்களைத் திமிர் பிடித்தவர்கள் என்று சொல்லுமுன் வொல்லாஸ்டனின் யோசனையை நினைத்துக்கொள்ளலாம். கூட்ட நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே அனுப்பி, கருத்தை எழுதியும் கொடுக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தால் சங்கத்துக்குச் செலவு ஒன்றும் இல்லை. அப்படி வரும் சீட்டில் தண்ணீர்த் தொட்டிக் கணக்கில் உள்ள பிழையை யாராவது ஒருவர் சுட்டிக்காட்டினாலும் லாபம் நமக்குத்தான்.