சங்க நெறி கண்ட பாபாசாகேப்

சங்கம் ஒன்றைத் தொடங்குதல் எளிது. அதனைப் பிளவுபடாமல் நடத்துதல் அரிது. அதற்குரிய வழியைப் பகவான் புத்தரின் சங்கத்திலே கண்டு நமக்குக் காட்டியவர் பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் அவர்கள்.

1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் மாவ் நகரிற் பிறந்த அவர், பம்பாயில் ஆலைத் தொழிலாளர் நிறைந்த பரேலில் வளர்ந்தார். நியூயார்க்கிலும் லண்டனிலும் உயர் பட்டங்கள் பெற்ற பின்னரும் பரேலின் சால் வீட்டிலேயே பல்லாண்டு வாழ்ந்தார்.

1928-ஆம் ஆண்டு பம்பாய்ப் பஞ்சாலைகளில் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. ஒற்றுமை பேசிய தொழிலாளரிடையே தீண்டாமையும் இருந்தது. கூலி மிகுந்த நெசவுப் பிரிவில் ஒடுக்கப்பட்டோர்க்கு இடமில்லை. நூலை எச்சில் தொட்டு இணைக்க நேரும். அவர் எச்சில் தீட்டாம்! இத்தடையை நீக்குவதையும் கோரிக்கைகளிற் சேர்க்குமாறு அம்பேத்கர் வற்புறுத்தினார். தலைவர்கள் தயங்கியே சேர்த்தனர். தறியருகே நின்று பிழைத்த அடியேன் அறிவேன், நூலுக்குச் சாதி தெரியாது. புத்தரின் சங்கத்திலோ, நாவிதராகிய உபாலி முதலில் துறவு பெற்றார். சாக்கிய இளவரசர்கள் அவருக்குப் பின்னரே பெற்று அவரை வணங்கினர்.

1942-ல் அம்பேத்கர் வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை ஏற்றார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் டெல்லியில் அரசினர், முதலாளிகள், தொழிலாளர் ஆகிய முத்தரப்பாரும் கூடிய மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். 1946-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால், ஆண்டு முழுதும் இயங்கும் தொழிற்சாலைகளில் வார வேலை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது. அவ்வாண்டே பம்பாயில் அவர் தொடங்கிய கல்லூரிக்குச் சித்தார்த்தர் பெயரைச் சூட்டினார்.

1949 நவம்பர் 25-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் உரையாற்றுகையில், பார்லிமெண்டு நடைமுறை இந்நாட்டிற்குப் புதியதன்று, பிக்கு சங்கங்கள் அதனை முன்பே அறிந்திருந்தன என்று எடுத்துக்காட்டினார். விநயத்தைப் பார்ப்போர்க்கு இது விளங்கும். தீர்மானத்தை முதலில் அறிவித்தல் வேண்டும். பெரிய காரியமாயின் மும்முறை கேட்டல் வேண்டும். மறுப்போர் பேசலாம். நோயுற்று வர இயலாதவரின் இசைவையும் பிறர் வாயிலாகப் பெறுதல் வேண்டும். கருத்து வேறுபடின் சலாகை என்னும் குச்சிகளைக் கொடுத்து எண்ணுவர். அவற்றை வழங்குபவர் விருப்பு, வெறுப்பு, அச்சம், மயக்கம் ஆகிய நான்கினாலும் சாயாதவராய் இருத்தல் வேண்டும்.

அதே உரையில், தலைவரைத் தெய்வமாக்கி வழிபடும் அரசியல் சர்வாதிகாரத்தில் முடியும் என்றும் எச்சரித்தார். பகவானும் தமக்குப் பின் எவரையும் தலைவராக நியமிக்கவில்லை. தம்மத்தையும் விநயத்தையுமே விட்டுச் சென்றார்.

1955-ல் பாரதிய பௌத்த மகாசபையை அமைத்த பாபாசாகேப், 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களுடன் தம்மம் தழுவினார். இரண்டு திங்கள் நிறைவதற்குள், டிசம்பர் 6-ஆம் நாள் டெல்லியில் மறைந்தார். தாதர் கடற்கரையில் அவருடலுக்கு எரியூட்டினர்.

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் சங்கம் நடத்தும் நாம் ஆண்டுதோறும் அவர் படத்திற்கு மாலை சூட்டுகிறோம். ஆயின் ஆண்டுக் கணக்கைக் கூட்டத்தில் படிக்கின்றோமா? மறுத்துப் பேசுபவரைப் பொறுமையுடன் கேட்கின்றோமா? உறவினரென்று ஒருவரைத் தாங்கி, ஏழையென்று மற்றொருவரைத் தள்ளாதிருக்கின்றோமா? இவற்றிற்கு நெஞ்சறிய ஆம் என்று விடை கூறும் நாளே, அவருக்கு நாம் உண்மை மாலை சூட்டிய நாளாகும். மங்களம் உண்டாவதாக!