பேசும் இலைகள்

அமெரிக்காவின் இன்றைய டென்னசி மாநிலத்தில், ஆற்றங்கரையோரமாக டஸ்கிகி என்னும் சிற்றூர் இருந்தது. செரோக்கி மக்கள் வாழ்ந்த அவ்வூரில் சுமார் 1770ஆம் ஆண்டில் செக்குவோயா பிறந்தார். தாயின் பெயர் உட்டே. தந்தை வெளியிலிருந்து வந்த வெள்ளையர். மகனை அவர் வளர்க்கவில்லை. ஆயினும், செக்குவோயா யாரைச் சேர்ந்தவர் என்னும் கேள்விக்கு அங்கு இடமே இல்லை. செரோக்கியரிடையே ஏழு குலங்கள் உண்டு. தாய் எந்தக் குலமோ பிள்ளையும் அதே குலம். ஆகவே, அவர் தாயின் சுற்றத்தாரிடையே முழுச் செரோக்கியராகவே வளர்ந்தார். ஆங்கிலத்தைப் படிக்கவோ எழுதவோ அவர் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை.

அவருக்கு ஒரு கால் ஊனம். வேட்டைக்கு ஓட இயலாத அவர், கைத்தொழிலில் தேர்ந்தார். வெள்ளி நகைகள் செய்தார், கொல்லுப்பட்டறையும் நடத்தினார். பட்டறைக்கு வந்துபோன வெள்ளையர்கள் தாளில் ஏதோ கிறுக்குவதையும், தொலைவில் இருப்பவர் அதைப் பார்த்துச் செய்தி அறிந்துகொள்வதையும் அவர் கவனித்தார். செரோக்கியர் அத்தாள்களைப் 'பேசும் இலைகள்' என்று அழைத்தனர். அது வெள்ளையருக்கு மட்டுமே வாய்த்த மாயசக்தி என்று பலர் நம்பினர். செக்குவோயா நம்பவில்லை. பேச்சைக் குறியாக மாற்றும் வழி ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். அதைத் தம்மாலும் உருவாக்க முடியும் என்று எண்ணினார்.

ஏறத்தாழ 1809ஆம் ஆண்டில் அவர் அப்பணியைத் தொடங்கினார். முதலில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குறியை வரைந்தார். குறிகள் பெருகிக்கொண்டே போயின. அவற்றை நினைவில் வைப்பது அவருக்கே கடினமாயிற்று. வயல் வேலை தேங்கியது. ஊரார் அவரைப் பித்தர் என்றனர். சூனியக்காரர் என்றும் ஐயுற்றனர். மனைவி சினங்கொண்டு அவருடைய குறிகளைத் தீயிட்டதாகவும் ஒரு கதை உண்டு.

இதற்கிடையே போர் வந்தது. 1813, 1814ஆம் ஆண்டுகளில் ஆண்ட்ரூ ஜாக்சன் என்னும் தளபதியின்கீழ், அமெரிக்கப் படையுடன் சேர்ந்து செரோக்கி வீரர்கள் போரிட்டனர். செக்குவோயாவும் அவர்களுள் ஒருவர். வெள்ளை வீரர்கள் வீட்டிற்குக் கடிதம் எழுதினர். செரோக்கி வீரர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. தாய்மொழிக்கு எழுத்து வேண்டும் என்னும் அவருடைய எண்ணம் மேலும் உறுதியாயிற்று.

பின்னர்தான் அவருக்கு வழி புலப்பட்டது. சொற்கள் கணக்கற்றவை, ஆனால், அவற்றில் வரும் ஒலிகளோ சிலவே. அவர் ஒவ்வொரு சொல்லையும் அசை அசையாகப் பிரித்துப் பார்த்தார். அசைக்கு ஓர் எழுத்து என வகுத்தபோது, மொத்தம் 86 எழுத்துகளே போதுமானவையாக இருந்தன. நாம் 'க', 'கி', 'கு' என்று எழுதும்போது, எழுத்துகளின் வடிவத்திலேயே ஓர் உறவு தெரிகிறது. செரோக்கியில் அப்படியில்லை, ஒவ்வோர் அசைக்கும் தனித்தனி வடிவம். சில வடிவங்களை அவர் ஆங்கில நூலிலிருந்து எடுத்தார். ஆனால், ஒலியை எடுக்கவில்லை. ஆங்கில 'டி' போன்ற எழுத்தை அவர் 'அ' என ஒலித்தார். 'டபிள்யூ' போன்றது 'லா' ஆயிற்று!

அதை முதலில் கற்றவர் அவருடைய சிறுமகள் அயோக்கா. 1821ஆம் ஆண்டில் தலைவர்கள் இருவரையும் சோதித்தனர். தந்தையையும் மகளையும் தனித்தனியே நிறுத்தி, ஒருவரிடம் சொன்னதை எழுதச் செய்து மற்றவரிடம் படிக்கக் கொடுத்தனர். இருவரும் பிழையின்றிப் படித்தனர். சூனியம் என்ற பேச்சு அத்துடன் அடங்கியது.

செரோக்கி பேசத் தெரிந்தவர் எவரும் சில வாரங்களில் இதைக் கற்றுக்கொள்ள முடிந்தது. பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை, ஒருவருக்கு ஒருவர் சொல்லிக் கொடுத்தனர். முன்னரே மேற்கில் ஆர்க்கன்சா பகுதியில் குடியேறியிருந்த உறவினருடன் கடிதப் போக்குவரத்தும் தொடங்கியது. மருத்துவர்கள் தம் முன்னோரிடம் கேட்டறிந்த மருத்துவ முறைகளைக் குறிப்பேடுகளில் எழுதி வைத்தனர். செரோக்கி ஆட்சிமன்றம் செக்குவோயாவுக்கு வெள்ளிப் பதக்கம் வழங்கியது. 1828 பிப்ரவரி 21ஆம் நாள், 'செரோக்கி பீனிக்ஸ்' என்னும் செய்தித்தாள் ஜார்ஜியாவிலுள்ள நியூ எச்சோட்டா நகரில் இரு மொழிகளில் வெளிவந்தது.

இவ்வளவு முன்னேறிய மக்களையும் நிலத்தாசை விட்டுவைக்கவில்லை. செரோக்கியர் எந்தத் தளபதிக்காகப் போரிட்டனரோ, அதே ஜாக்சன் இப்போது அமெரிக்க அதிபர். பூர்வகுடியினரை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்பும் சட்டத்தில் 1830இல் அவர் கையெழுத்திட்டார். 1838, 1839ஆம் ஆண்டுகளில் சுமார் 16,000 செரோக்கியர் படைவீரர்களால் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். பசியாலும் குளிராலும் நோயாலும் ஏறக்குறைய 4,000 பேர் மாண்டனர் என்பர். 'கண்ணீர்த் தடம்' என்று அப்பயணம் பெயர்பெற்றது. வீடும் வயலும் முன்னோரின் கல்லறைகளும் பின்னால் நின்றுவிட்டன. எழுத்து மட்டும் அவர்களுடன் சென்றது.

செக்குவோயா அதற்கு முன்பே மேற்கில், இன்றைய ஓக்லஹோமாவில், 1829இல் மரவீடு கட்டிக் குடியேறியிருந்தார். புதிதாக வந்தவர்களுக்கும் அங்கு ஏற்கெனவே இருந்தவர்களுக்கும் பூசல் மூண்டபோது, இரு தரப்பையும் இணைக்க அவர் பாடுபட்டார்.

இன்னொரு கூட்டத்தார் மெக்சிகோவுக்குப் பிரிந்து போயிருந்தனர். அவர்களைத் தேடி 1842இல், எழுபது வயதைத் தாண்டியிருந்த அவர், சில துணைவருடன் புறப்பட்டார். 1843 ஆகஸ்டில், மெக்சிகோவில் அவருடைய உயிர் பிரிந்தது. தேடிச் சென்றவர்களால் அச்செய்தியை 1845இல்தான் ஊருக்கு அனுப்ப முடிந்தது. அவரைப் புதைத்த இடத்தை இதுவரை எவரும் கண்டுபிடிக்கவில்லை. ஓக்லஹோமாவில் அவர் கட்டிய மரவீடு இன்றும் இருக்கிறது. அம்மாநிலத்துச் செரோக்கிப் பிள்ளைகள் கைப்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பவும் அவருடைய எழுத்துகளே பயன்படுகின்றன.