பெண்டிங் பிரபுவும் வேலூர் தந்த பாடமும்

உடன்கட்டை ஏறும் கொடுமையை ஒழித்தவர் யார் எனின், பள்ளிச் சிறாரும் பெண்டிங் பிரபு என விடையிறுப்பர். அவரே அதற்கு முன்னர் நம் சென்னையில் ஆளுநராக இருந்து பதவி இழந்தவர் என்பதை அறிந்தோர் சிலரே.

போர்ட்லண்டு கோமகனின் இரண்டாம் மகனாக 1774-இல் பிறந்தார் வில்லியம் பெண்டிங். தந்தையார் இருமுறை இங்கிலாந்தின் தலைமை அமைச்சராக விளங்கியவர். மைந்தரும் படைப்பணி ஏற்று, 1796-இல் நாடாளுமன்றம் புகுந்தார். 1803-இல், 29 வயது நிறைவதற்குள், சென்னை ஆளுநரானார். உழவரிடம் நேரடியாக வரி பெறும் இரயத்துவாரி முறையில் தாமஸ் மன்றோவுக்குத் துணைநின்றார்.

1806-இல் சிப்பாய்கள் சமயக்குறி இடலாகாது, காதணி பூணலாகாது, புதுவகைத் தலைப்பாகை அணிதல் வேண்டும் எனப் படைத்தலைவர் கிரடாக் விதித்தார். மறுத்தோர் கசையடி பட்டனர். ஆளுநரோ விதிகளின் விளைவை ஆராயாது இசைவளித்தார். ஜூலை 10 வைகறையில் வேலூர்க் கோட்டை பொங்கியெழுந்தது. வெள்ளையர் நூற்றுவருக்கு மேல் மாண்டனர். ஆர்க்காட்டிலிருந்து விரைந்த குதிரைப்படை சிப்பாய்கள் பல நூற்றுவரைக் கொன்று குவித்தது. 1807-இல் கம்பெனி இயக்குநர்கள் இருவரையும் திருப்பியழைத்தனர். அவ்வாண்டு தலைமை அமைச்சராய் வீற்றிருந்தவர் பெண்டிங்கின் தந்தையே. குலப்பெருமையும் அவரைக் காக்கவில்லை.

1828-இல் தலைமை ஆளுநராகக் கல்கத்தா வந்தார். சமய வழக்கத்தில் கைவைத்தால் படை கிளர்ந்தெழும் என்பதே உடன்கட்டையைத் தடுக்க முன்னையோர் அஞ்சிய காரணம். அவ்வச்சத்தின் விலையைத் தம் வாழ்விலேயே கொடுத்தவர் பெண்டிங். அவ்வழக்கத்தை எதிர்த்துப் போராடிய இராசாராம் மோகன்ராயரும் சட்டத்தால் உடனே தடுப்பதற்குத் தயங்கினார். பெண்டிங் ஒதுங்கிவிடவில்லை, அவசரப்படவும் இல்லை. படை அதிகாரிகளிடமும் நீதிபதிகளிடமும் கருத்தறிந்து தெளிந்தபின், 1829 டிசம்பர் 4 அன்று தடைச்சட்டம் பிறப்பித்தார். அடுத்த ஆண்டில் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. படை கிளர்ந்தெழவில்லை.

1835-இல் ஆங்கிலக் கல்விக்கே அரசுப்பொருளை ஒதுக்கிய அவரது முடிவு, தாய்மொழிகளைக் கல்விக்கூடத்தில் பின்தள்ளியது. தமிழ் பயிற்றுவிக்கும் எமக்கு அஃது ஆறாத குறையே. 1839-இல் பாரிசில் மறைந்தார்.

சென்னைக் கடற்கரையில் அவர் பெயர் தாங்கி நின்ற கட்டடம் இன்றில்லை. அவ்விடத்தில் சிங்காரவேலர் மாளிகை நிற்கிறது. ஆயினும், கேளாமல் ஒப்பமிட்டு வீழ்ந்தவர், கேட்டறிந்து ஒப்பமிட்டு எண்ணற்ற பெண்களின் உயிர் காத்தார் என்பது வரலாறு. வீழ்ச்சியைக் கல்வியாக்கிக் கொண்ட அத்திறம் நாம் போற்றற்பாலது.