கல்லான மரத்தைப் படித்தவர்

கோல சிலாங்கூர் தோட்டப்புறத்தில் வளர்ந்த எனக்கு ரப்பரும் செம்பனையும் தூரத்திலேயே அடையாளம் தெரியும். இலையும் காயும் இல்லாமல் கல்லாகிவிட்ட மரம் என்றால்? அதைப் படிப்பதையே வாழ்க்கையாக்கியவர் பீர்பால் சாஹ்னி.

இவர் 1891இல் இன்றைய பாகிஸ்தானிலுள்ள பேராவில் பிறந்தார், கேம்பிரிட்ஜில் பயின்றார். பழம்பெரும் மர இனமான கிங்கோவின் சூலுக்குள் வேற்று மரத்தின் மகரந்தம் இருந்ததை 1915இல் எழுதினார். சேர்ந்து கிடப்பதாலேயே இரண்டும் ஒரே மரத்துக்குரியவை ஆகிவிடா. புதைபடிவங்களுக்கும் இது பொருந்தும்.

1921இல் லக்னோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியரானார். கல்மரத்தை மெல்லியதாக அறுத்து, ஒளி ஊடுருவும்வரை தேய்த்து, நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் உயிரணு அமைப்பு தெரியும். ராஜ்மகால் குன்றுகளில் கிடைத்த ஒரு தாவரத்தின் தண்டில் பெரும்பாலும் ஐந்து கட்டைப் பகுதிகள் இருந்தன. கட்டை ஊசியிலை மரத்தை ஒத்திருந்தது. மற்ற உறுப்புகளில் சைகஸின் சாயல் இருந்தது. தெரிந்த பிரிவு ஒன்றில் அதைத் திணிக்காமல், 1948இல் பென்டாக்சைலியே என்ற புதிய பிரிவையே வகுத்தார்.

1949 ஏப்ரல் 3ஆம் தேதி, அவருடைய தொல்தாவரவியல் ஆய்வுக் கழகக் கட்டடத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். ஒரே வாரத்தில் சாஹ்னி மறைந்தார். மனைவி சாவித்திரி அந்தப் பணியைத் தொடர்ந்தார். கழகம் இன்று சாஹ்னியின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மாணவ நண்பர்களே, பாடநூல் அட்டவணையில் பொருந்தாத ஒன்று கண்ணில் பட்டால் ஒதுக்கிவிடாதீர்கள். இன்னொரு முறை உற்றுப் பாருங்கள்.