அமைச்சுப் பதவி போனதும் வீட்டு விளக்கை அணைத்தவர்

லால் பகதூர் சாஸ்திரி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம்தான். மலையக மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இரு அரசுகளும் தமக்குள் பேசி முடிவெடுத்தன. அந்த வடு இன்றும் ஆறவில்லை. ஆயினும் பதவியையும் பணத்தையும் அம்மனிதர் கையாண்ட விதத்தில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

1904 இல் முகல்சராயில் பிறந்தார். ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் இருந்த தந்தை, மகனுக்கு இரண்டு வயது நிறையுமுன்பே மரணித்தார். தாய்வழி உறவினரின் ஆதரவில் வளர்ந்தவர், சுதந்திரப் போராட்டத்தில் இறங்கிப் பல வருடங்கள் சிறையிலிருந்தார்.

1952 இல் ரயில்வே அமைச்சரானார். 1956 நவம்பரில் தமிழ்நாட்டின் அரியலூருக்கு அருகே வெள்ளத்தில் பாலம் இடிந்து ரயில் கவிழ்ந்தது. 140 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாலத்தை அவர் கட்டவில்லை, ரயிலையும் அவர் ஓட்டவில்லை. எனினும் பொறுப்பேற்று இராஜினாமாச் செய்தார்.

பின்னர் உள்துறை அமைச்சராக உயர்ந்தார். 1963 இல் மூத்த தலைவர்கள் பதவி விலகிக் கட்சிப் பணிக்குத் திரும்பவேண்டும் என்ற காமராஜர் திட்டம் வந்தபோது, இரண்டாம் முறையாகவும் அமைச்சை விட்டுப் போனார்.

மாதம் 400 ரூபாவான பாராளுமன்ற உறுப்பினர் சம்பளமும் அமர்வு நாட்களுக்கான படியுமே அப்போது எஞ்சின. அவரது பத்திரிகைச் செயலாளராக இருந்த குல்தீப் நய்யர் ஒருநாள் இரவு வீட்டுக்குச் சென்றபோது, ஓர் அறையைத் தவிர எங்கும் இருள். மின்கட்டணத்தை இனித் தானே செலுத்தவேண்டும் என்பதால் விளக்குகளை அணைத்து வைத்திருந்தார். சாப்பாட்டிலும் கறிகளைக் குறைத்திருந்தார். செலவைச் சமாளிக்கப் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதினார் என்றும் நய்யர் பதிவு செய்திருக்கிறார்.

1964 ஜூனில் பிரதமரானார். குடும்பத்துக்கென ஃபியட் கார் வாங்க விரும்பியபோது விலை 12,000 ரூபா. கையில் இருந்தது 7,000. மீதி 5,000 ரூபாவைப் பஞ்சாப் நேஷனல் வங்கியில் கடனாகப் பெற்றார். 1966 ஜனவரி 11 இல் தாஷ்கண்டில் மரணித்தபோது கடன் தீர்ந்திருக்கவில்லை. மனைவி லலிதா தனது ஓய்வூதியத்திலிருந்து அதைக் கட்டி முடித்தார்.

சம்பளத்தில் கடன் கட்டும் ஆசிரியர்களாகிய எமக்கு இந்தக் கணக்கு நன்றாகவே விளங்கும். 2025 செப்டம்பரில் முன்னாள் ஜனாதிபதிகளின் சலுகைகளை நீக்கும் சட்டம் நமது பாராளுமன்றத்தில் நிறைவேறியது. வீட்டையும் வாகனத்தையும் சட்டத்தால் திருப்பி எடுக்கலாம். பதவி இல்லாமலும் வாழமுடியும் என்ற துணிவைச் சட்டத்தால் கொடுக்க முடியாது. அமைச்சுப் பதவியைக் காப்பாற்றுவதற்காகவே பக்கம் மாறியவர்களை நமது சமூகமும் கண்டிருக்கிறது. வாக்குக் கேட்டு வருபவரிடம் அடுத்த முறை ஒன்றைக் கேட்டுப் பார்ப்போம்: இதற்கு முன் எதை வைத்து வாழ்ந்தீர்கள், பதவி போனபின் எதை வைத்து வாழ்வீர்கள்?