அண்ணல் அம்பேத்கர் ஆங்கிலம் கற்ற வரலாறு

கனகசெட்டிக்குளத்திலிருந்து புதுவை நகருக்குச் செல்லும் கடற்கரைச் சாலையில், காலாப்பட்டில், அண்ணல் அம்பேத்கர் பெயரைத் தாங்கிய அரசு சட்டக் கல்லூரி உள்ளதை நம் சமுதாய இளைஞர் யாவரும் அறிவர். பேருந்தில் அதனைக் கடந்து செல்லும் நம் பிள்ளைகளுள் பலர், அப்பெருமகனார் மேதையாகவே பிறந்தார் என்றும், ஆங்கிலம் அவருக்கு எளிதில் கைவந்தது என்றும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் உண்மைக்கு மாறானது. நமக்குத் தீங்கு பயப்பதும் ஆகும். பிறவி மேதையை வணங்கலாமேயன்றிப் பின்பற்றுதல் இயலாது. ஆதலின் அவர் ஆங்கிலம் கற்ற வழியையே மையமாகக் கொண்டு, அன்னாரின் வரலாற்றை இவ்வெள்ளி விழா மலரில் சுருங்க எழுத முற்படுகின்றோம்.

பீமராவ் 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் மத்திய இந்தியாவில் உள்ள மாவ் என்னும் படைமுகாமில், மகர் குலத்தில், பதினான்காம் குழந்தையாகப் பிறந்தார். தந்தையார் ராம்ஜி சக்பால் இந்தியப் படையில் சுபேதாராக இருந்தவர். படைப்பள்ளியில் தலைமையாசிரியராகவும் பணியாற்றியவர். கோயிலும் குளமும் திண்ணைப் பள்ளியும் நம்மவர்க்கு மூடப்பட்டிருந்த காலத்தில், படைவீரர்க்கும் அவர்தம் மக்களுக்கும் படைமுகாமில் எழுத்தறிவு கிட்டியது. அங்ஙனம் கிடைத்த கல்வியை ராம்ஜி வீட்டிற்குக் கொண்டுவந்தார். அதுவே இவ்வரலாற்றின் தொடக்கம்.

சதாராவில் பள்ளி சென்ற காலத்தில், பீமராவ் வீட்டிலிருந்து கொண்டுசென்ற சாக்கின்மீது தனியே அமர வேண்டியிருந்தது. பள்ளிச் சேவகர் வந்து நீர் வார்த்தாலன்றித் தாகம் தீர வழியில்லை. 1901-ஆம் ஆண்டு கோரேகானில் பணியாற்றிய தந்தையைக் காணச் சிறுவர்கள் புறப்பட்டனர். நல்லாடை உடுத்திப் புகைவண்டியில் வந்திறங்கிய அவர்களிடம் முதலில் அன்பாகப் பேசிய நிலையத் தலைவர், அவர்கள் மகர் குலத்தார் என்று அறிந்ததும் விலகினார். இருமடங்குக் கூலி தருவதாகக் கூறியும் வண்டிக்காரர் எவரும் முன்வரவில்லை. இறுதியில் சிறுவர்களே வண்டியை ஓட்ட, வண்டிக்காரர் நடந்து வருவதென முடிவாயிற்று. அன்றிரவு முழுவதும் குடிக்க நீரின்றியே அவர்கள் கழித்தனர். நல்லாடையும் பணமும் மட்டும் மானத்தைக் காவா என்பதை அச்சிறுவன் அன்றே உணர்ந்தான்.

பின்னர்க் குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்து, பரேல் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பில் ஒரே அறையில் வாழ்ந்தது. பீமராவ் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். மகன் முன்னிரவில் உறங்குவான். தந்தை விழித்திருந்து, பின்னிரவு இரண்டு மணிக்கு அவனை எழுப்பிப் படிக்கச் செய்வார். ஆங்கிலப் பாட நூல்களை உடனிருந்து கற்பித்தார். மராத்தியிலிருந்து ஆங்கிலத்திற்கும், ஆங்கிலத்திலிருந்து மராத்திக்கும் மொழிபெயர்க்கப் பழக்கினார். மகன் பாடநூல் அல்லாத புத்தகம் கேட்டபோது, கையில் பணமில்லாத நிலையிலும் மறுத்தாரில்லை. மணமான பெண்மக்களிடம் கடன் பெற்றும், அவர்தம் நகையை அடகு வைத்தும் வாங்கித் தந்தார். நம் ஊர்ப் பெற்றோர் இதனைச் சற்றே சிந்தித்தல் வேண்டும். கட்டணம் மிகுந்த பள்ளியில் சேர்த்துவிட்டால் ஆங்கிலம் தானே வந்துவிடும் என்று கருதி ஓய்ந்திருக்கும் பெற்றோர் பலரை எம் ஆசிரியப் பணியில் கண்டிருக்கின்றோம். ராம்ஜியோ மகன் பயின்ற பள்ளிக்கு ஈடாக வீட்டையும் பள்ளியாக்கினார்.

1907-ஆம் ஆண்டு பீமராவ் மெட்ரிகுலேசன் தேர்வில் வென்றார். பெற்ற மதிப்பெண் 750-க்கு 282. இந்த எண்ணை நம் மாணவர்கள் மறவாது நினைவிற் கொள்க. சமஸ்கிருதம் கற்க விழைந்தும் இடம் மறுக்கப்பட்டமையால் பாரசீக மொழியைப் பயின்றவர் அவர். ஒரே அறையில் குடும்பம் முழுவதும் புழங்க, அதனிடையே படித்தவர். அவ்வெண் அவரது தகுதியின் எல்லையைக் காட்டவில்லை; அவர் கடந்துவந்த தடைகளின் அளவையே காட்டிற்று.

பள்ளி முடிந்ததும் பூங்காவில் அமர்ந்து நூல் படிக்கும் வழக்கம் அவருக்கு இருந்தது. அதனைக் கண்டு அவர்பால் அன்பு கொண்ட கேளுஸ்கர் என்னும் ஆசிரியர், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசளித்தார். அவரே பரோடா மன்னர் சாயாஜிராவிடம் பரிந்துரைத்து, மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைக்கச் செய்தார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் 1912-இல் பி.ஏ. தேறினார். அடுத்த ஆண்டு பிப்ரவரித் திங்களில் தந்தையார் மறைந்தார்.

அவ்வாண்டே பரோடா அரசு, மாதம் பதினொன்றரைப் பவுன் உதவித்தொகையுடன் மூன்றாண்டு மேற்படிப்பிற்கு அவரை அமெரிக்காவிற்கு அனுப்பிற்று. 1913 ஜூலையில் நியூயார்க்கு சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கோரேகான் வண்டிப்பாதையில் நீர் மறுக்கப்பட்டவர், ஈண்டு எல்லாரோடும் ஒரே மேசையில் உண்டார். அங்கு அவர் பயின்ற பாடப்பிரிவுகள் வியப்பூட்டுவன: பொருளியலில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3. இவற்றோடு பிரெஞ்சும் ஜெர்மனும் ஒவ்வொன்று. ஆங்கிலம் அவருக்குத் தேர்வுப் பாடமாக நின்றுவிடாமல், இவையனைத்தையும் திறக்கும் திறவுகோலாயிற்று. ஜான் டூயி, செலிக்மன் முதலிய பேராசிரியர்களின் சொற்பொழிவுகளை நேரிற் கேட்டமையால், அம்மொழி நூலிலிருந்து இறங்கி அவரது சிந்தனையிற் கலந்தது.

இலக்கியத்தையும் அவர் புறக்கணித்தாரில்லை. நியூயார்க்கிலிருந்து தந்தையின் நண்பர் ஒருவருக்கு எழுதிய மடலில், பெண்கல்வியின் இன்றியமையாமையை வற்புறுத்தியதோடு, ஷேக்ஸ்பியர் நாடக அடிகளையும் எடுத்தாண்டார். பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோவின் பெரும் புதினம் தம்மைக் கண்ணீர் சிந்த வைத்ததாக அவர் கூறியதை, அவரோடு பழகிய இளைஞர் ஒருவர் எழுதிவைத்துள்ளார். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் பழைய நூற்கடைகளைச் சுற்றி, ஏறத்தாழ 2000 நூல்களை வாங்கிச் சேர்த்தார். உணவைச் சுருக்கியே இதனைச் செய்தார். 1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916 மே 9-ஆம் நாள் சாதியின் தோற்றம் பற்றிய ஆய்வுரையைப் பல்கலைக்கழகக் கருத்தரங்கில் படித்தார். ஊர்ப்புறத்தில் தாம் பட்ட இழிவை உலக அறிஞர் ஏற்கும் சான்றுகளோடு உலக மொழியில் எடுத்துரைக்கும் ஆற்றல் அவருக்கு அங்ஙனம் வாய்த்தது.

அவ்வாண்டே இலண்டன் சென்று படிப்பைத் தொடர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917-இல் திரும்ப நேர்ந்தது. அவருடைய பொருள்களையும் நூல்களையும் ஏற்றிவந்த கப்பல் போரில் தாக்குண்டு மூழ்கிற்று. பரோடாவில் பணியேற்கச் சென்றபோது தங்க இடம் தருவார் இல்லை. பெயரை மறைத்துப் பார்சியர் விடுதியில் தங்கினார். உண்மை வெளிப்பட்டதும் தடியேந்திய கூட்டம் அவரை வெளியேற்றியது. அயல்நாட்டுப் பட்டமும் சாதியை அழிக்கவில்லை. எனினும் அவர் கல்வியை வெறுத்தாரில்லை. பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் 1918 முதல் பேராசிரியராகப் பணியாற்றிப் பொருள் சேர்த்தார். அதனோடு கோலாப்பூர் மன்னர் சாகுவின் உதவியும் நண்பர் தந்த கடனும் கொண்டு 1920-இல் மீண்டும் இலண்டன் சென்றார். அரைவயிற்று உணவோடு பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தில் நாள் முழுதும் பயின்றார். பாரிஸ்டர் பட்டமும், 1923-இல் பொருளியலில் டி.எஸ்சி. பட்டமும் பெற்றார்.

கற்ற ஆங்கிலத்தை அவர் யாது செய்தார் என்பதே நாம் கருதத்தக்கது. 1930 முதல் இலண்டனில் நடைபெற்ற வட்டமேசை மாநாடுகளில், நம் தமிழகத்தின் இரட்டைமலை சீனிவாசனாரோடு அமர்ந்து, ஆள்வோர் முன்னிலையில் ஒடுக்கப்பட்டோர் உரிமையை எடுத்துரைத்தார். அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவராகி, தீண்டாமையைச் சட்டத்தால் ஒழித்தார். ஆயினும் தம் மக்களோடு பேச மராத்தியையே கையாண்டார். 1920-இல் அவர் தொடங்கிய மூக்நாயக் இதழும், 1927-இல் தொடங்கிய பகிஷ்கிருத பாரத் இதழும் மராத்தியில் வெளிவந்தவையே. 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, அடுத்த ஆண்டு பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். 1956 டிசம்பர் 6-ஆம் நாள் மறையும் வரை நூலும் எழுதுகோலும் அவரை விட்டு நீங்கவில்லை.

நம் புதுவை மண்ணில் 1954 நவம்பர் முதல் நாள் வரை ஆட்சி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அவர்தம் மொழியே அலுவலகங்களில் கோலோச்சியது. பின்னர் ஆங்கிலம் வந்தது. ஆட்சியும் மொழியும் மாறின. மனு எழுதத் தெரிந்தவர் வாயிலில் நம்மவர் கைகட்டி நின்ற நிலை மட்டும் எளிதில் மாறவில்லை. அந்நிலையை மாற்றவே நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக உழைத்து வருகின்றது.

இளைஞர்களே! குறிப்பேட்டை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறுதல் மொழிகற்றல் ஆகாது. நாள்தோறும் ஒரு பக்கமேனும் ஆங்கில நூலை வாய்விட்டுப் படியுங்கள். அதனைத் தமிழாக்கி, அத்தமிழை நூலைப் பாராது மீண்டும் ஆங்கிலமாக்கி, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். அயல்நாடு செல்லும் வாய்ப்பு வருமாயின் அஞ்சாது செல்லுங்கள். அங்குள்ள மக்களையும் நூலகங்களையும் அறிந்து வாருங்கள். கற்றதை ஊருக்குக் கொணர்ந்து, எழுதத் தெரியாத ஒரு முதியவருக்கேனும் மனு எழுதித் தாருங்கள். அதுவே அண்ணல் கற்ற ஆங்கிலத்திற்கு நாம் செய்யும் நன்றியாகும்.