தோற்றவரின் கணக்கு

போரில் வென்றவர் கேட்பதைத் தோற்றவரால் கொடுக்க இயலுமா? பொருளியல் ஆசிரியராகப் பல்லாண்டுகள் பணியாற்றிய நான், ஐரோப்பிய உடன்படிக்கைகளை இந்த ஒரு கேள்வியைக் கொண்டே எடைபோடுவது வழக்கம். அக்கேள்வியை எழுப்பி, அதன் பொருட்டுப் பதவியையும் துறந்தவர் ஜான் மேனார்டு கெயின்ஸ்.

1883-இல் கேம்பிரிட்ஜில் பிறந்தார். தந்தை பொருளியல் அறிஞர். தாய் பின்னாளில் அந்நகரின் மேயர். கணிதம் பயின்ற கெயின்ஸ், 1906-இல் லண்டனிலிருந்த இந்தியா அலுவலகத்தில் பணியில் சேர்ந்தார். 1913-இல் வெளியான அவருடைய முதல் நூலே இந்திய நாணய முறையைப் பற்றியதுதான். முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கருவூலத் துறைக்குச் சென்றார். 1919-இல் பாரீஸ் அமைதி மாநாட்டில் அத்துறையின் தலைமைப் பிரதிநிதியாகப் பங்கேற்றார்.

மாநாட்டில் பிரான்ஸின் கோபத்துக்கு நியாயம் இருந்தது. அதன் வடபகுதி போரில் சிதைந்து கிடந்தது. பிரிட்டனும் பிரான்ஸும் அமெரிக்காவிடம் கடன்பட்டிருந்தன. எல்லாச் சுமையையும் ஜெர்மனியின் தலையில் ஏற்றுவதே எளிய வழியாகத் தோன்றியது. நேச நாடுகள் தமக்குள் பட்ட கடன்களை ரத்து செய்து, இழப்பீட்டைக் குறைக்க வேண்டும் என்ற கெயின்ஸின் யோசனை எடுபடவில்லை. ஜூன் 28-இல் வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை கையெழுத்தாவதற்கு முன்பே அவர் பதவி விலகினார். அவ்வாண்டு டிசம்பரில், அமைதியின் பொருளாதார விளைவுகள் குறித்த அவரது நூல் வெளிவந்து பெரும் விவாதத்தைக் கிளப்பியது.

அவரது வாதம் எளிமையானது. ஒரு நாடு அயல்நாட்டுக்குச் செலுத்த வேண்டிய பணத்தை உள்நாட்டு வரியால் மட்டும் திரட்டிவிட முடியாது. இறக்குமதியைவிடக் கூடுதலாக ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி ஈட்ட வேண்டும். ஜெர்மனியின் நிலக்கரி வளங்களையும் வணிகக் கப்பல்களையும் எடுத்துக்கொண்டு, அதனிடமே பணத்தையும் கேட்டால் அது எங்கிருந்து வரும்?

ஜெர்மனியால் அதிகபட்சம் 200 கோடி பவுண்டு செலுத்த இயலும் என்பது அவர் கணிப்பு. 1921-இல் பெயரளவில் விதிக்கப்பட்டதோ 13,200 கோடி தங்க மார்க். அதாவது, ஏறத்தாழ 660 கோடி பவுண்டு. தவணை தவறியதும், 1923 ஜனவரியில் பிரான்ஸும் பெல்ஜியமும் ரூர் பகுதியை ஆக்கிரமித்தன. அங்கு வேலைநிறுத்தம் செய்தவர்களுக்கு ஊதியமளிக்க ஜெர்மனி நோட்டுகளை அச்சடித்துத் தள்ளியது. ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்த மார்க், அவ்வாண்டு நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி என வீழ்ந்தது. நடுத்தர வர்க்கத்தின் சேமிப்பு ஆவியானது. 1924, 1929 ஆண்டுகளின் திருத்தத் திட்டங்களுக்குப் பின், 1932-இல் இழப்பீடு ஏறக்குறைய கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டே ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார்.

கெயின்ஸ் மிகைப்படுத்தினார் என்போரும் உண்டு. ஜெர்மனியிடம் பணம் இருந்தது, மனம்தான் இல்லை என்று பிரெஞ்சுப் பொருளியலாளர் எத்தியேன் மாந்து வாதிட்டார். 1871-இல் தோற்ற பிரான்ஸ் 500 கோடி பிராங்கை 1873-க்குள் செலுத்தி முடித்ததே என்ற கேள்வியும் வலுவானது. ஆனால், பிரான்ஸின் கடன் பத்திரங்களை வாங்க அன்று உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் ஆளிருந்தது. 1921-இன் ஜெர்மனிக்கு அந்த நம்பகத்தன்மை இல்லை. எனவே, அடிப்படை வாதத்தில் கெயின்ஸ் பக்கமே நான் நிற்பேன்.

1944-இல் பிரெட்டன் உட்ஸ் மாநாட்டில் அவர் மீண்டும் மேசைக்கு வந்தார். இம்முறை கடனாளி அவருடைய நாடு. போர்ச் செலவுக்காக இந்தியாவிடம் பிரிட்டன் பட்டிருந்த ஸ்டெர்லிங் கடனை, கோவையைச் சேர்ந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார் இடம்பெற்ற இந்தியக் குழு அங்கு எழுப்பியது. அது இரு நாடுகளும் பேசித் தீர்க்க வேண்டியது என்று கெயின்ஸ் ஒதுக்கிவிட்டார். கடனாளிக்காகப் பேசியவரும் தம் நாட்டின் நலனைத் தாண்டவில்லை.

1946 ஏப்ரல் 21-இல் அவர் மறைந்தார். 1953-இல் லண்டனில் ஏற்பட்ட உடன்பாடு, மேற்கு ஜெர்மனியின் அயல்நாட்டுக் கடன்களில் ஏறத்தாழ பாதியைத் தள்ளுபடி செய்து, எஞ்சியதை அதன் செலுத்தும் திறனுக்கேற்பத் தவணைகளாக்கியது. 1919-இல் மறுக்கப்பட்ட கணக்கு, 34 ஆண்டுகளும் இன்னொரு பெரும்போரும் கடந்த பின்னரே ஏற்கப்பட்டது. முதல் உலகப் போர் இழப்பீட்டுக்காக வாங்கிய கடன்களின் இறுதித் தவணையை ஜெர்மனி செலுத்தியது 2010 அக்டோபர் 3-இல்!

தோற்றவராலும் நிறைவேற்றக்கூடிய நிபந்தனைகளே உடன்படிக்கைக்கு ஆயுள் தருகின்றன. கடனில் மூழ்கிய நாடுகளுடன் இன்று பேச்சு நடத்துவோர், எவ்வளவு கேட்கலாம் என்பதற்கு முன், எவ்வாறு அவற்றால் கொடுக்க முடியும் என்பதைக் கணக்கிட வேண்டும்.

கட்டுரையாளர்: பேராசிரியர் (ஓய்வு).